கடைமடைக்குப் பாடம் வந்ததா? டெல்டாவில் ஆறு நாள்

முதல் நாள், திங்கள்: கல்லணை, தஞ்சாவூர்

திருச்சியில் காலை ஆறு மணிக்கு இறங்கினேன். நேராகத் தஞ்சாவூர் போகாமல் கல்லணை வரை ஒரு பஸ், அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாக இன்னொரு பஸ். சுற்றுதான். ஆனால் டெல்டாவுக்குள் நுழையும்போது அந்த மதகுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு நுழைவது என் பழக்கம். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போகிற இடம். இப்போது தை மாதக் கடைசி, சம்பா அறுவடை நேரம். ஆற்றில் பெரிதாகத் தண்ணீர் இல்லை.

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தலைஞாயிறு பக்கம் ஊர், கடைமடை விவசாயி, அதாவது வாய்க்காலின் கடைசி முனையில் பயிர் செய்கிறவர். பேச்சு மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12-க்குப் போயிற்று. "மேட்டூர்ல எத்தனை கன அடி தொறந்தாங்கங்கறது பேப்பர்ல வந்துடும் தம்பி. எங்க வாய்க்கால்ல வந்துச்சான்னு நாங்கதான் நடந்து போய்ப் பாக்கணும்" என்றார். நான் இந்த வாரம் செய்ய வந்திருக்கும் வேலையும் அதுதான் என்று அவரிடம் சொன்னேன். எனக்கு அது தண்ணீர் அல்ல, பாடம்.

பதினேழு வருஷம் ஃபிட்டர் பிரிவில், அதாவது இயந்திர பாகங்களைத் தேய்த்துப் பொருத்தும் தொழிலில், பயிற்றுநராக இருந்தேன். இப்போது தொழிற்பயிற்சி நிலையங்களான ஐ.டி.ஐ.களுக்குப் போய், பாடத்திட்டம் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் இது. நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். கொல்கத்தாவில் இருக்கும் மத்தியப் பணியாளர் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி வரும். அதற்கான புத்தகங்கள் சென்னை கிண்டியில் தயாராகும், தமிழிலும் கிடைக்கும். 2022-ல் திருத்திய பாடத்திட்டப்படி முதல் வருஷத்துக்கு 1,200 மணி நேரம். அதில் செய்முறை 840, தொழில் பாடம் 240, வேலைவாய்ப்புத் திறன் 120. இதற்கு வெளியே, பக்கத்துத் தொழிற்கூடங்களில் 150 மணி நேரம் நேரடி வேலைப் பயிற்சி. நூற்றுக்கு எழுபது பங்கு கைவேலை. காகிதத்தில் இது நல்ல பாடத்திட்டம், மனசாரச் சொல்கிறேன்.

என் நோட்டில் மூன்று பத்தி. எழுதியது என்ன, நடத்தியது என்ன, கையில் தங்கியது என்ன. மேட்டூர், வாய்க்கால், வயல்.

மதியம் தஞ்சாவூரை ஒட்டிய ஒரு நிலையம். ஃபிட்டர் பிரிவில் இருபது பையன்கள். ஓடுகிற லேத் (கடைசல் இயந்திரம்) மூன்று, நான்காவது பெல்ட்டுக்காகக் காத்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். எல்லா ஜாப்பும், அதாவது பையன் செய்து பழகும் ஒவ்வொரு உருப்படியும், பென்சிலில் அழகாக வரைந்து, அளவு குறித்து, கையெழுத்து வாங்கியிருக்கிறது. அப்புறம் பையன்களிடம் உள்ளங்கையை நீட்டச் சொன்னேன். முதல் வருஷப் பையனுக்கு இந்த மாதத்தில் அரம் பிடித்த காய்ப்பு இருக்க வேண்டும். ஆறேழு பேருக்கு இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. இரும்புப் பட்டை வர இரண்டு மாதம் தாமதமாகிவிட்டதாம். பயிற்றுநர் எதையும் மறைக்கவில்லை. "இருக்கிற பட்டையைத் திருப்பிப் போட்டுத் தேச்சோம் சார், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல" என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. நானும் அப்படித் திருப்பிப் போட்டவன்தான்.

840 மணி நேரம் என்று எழுதுகிறவர் ஒரு பையனுக்கு எத்தனை கிலோ இரும்பு என்பதையும் அதே வரியில் எழுதி, அது வந்து சேர்ந்ததா என்று மாதாமாதம் கேட்க வேண்டும். நோட்டில் இன்று பெரிய எழுத்தில் எழுதியது இதைத்தான்.

இரண்டாம் நாள், செவ்வாய்: சுவாமிமலை

இன்று ஐ.டி.ஐ. எதுவும் இல்லை. பாடத்திட்டமே இல்லாத ஒரு பயிற்சியைப் பார்க்கப் போனேன்.

சுவாமிமலையில் தெருவுக்கு நாலு வார்ப்படப் பட்டறை. எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவர் உட்கார வைத்துக் காட்டினார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் உரு பிடிக்கிறார்கள். தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துத் தாள அளவு, அதாவது சிலையின் அங்கங்களுக்கான விகிதம், எடுக்கிறார்கள். ஒடியோலை என்று பேர். ஸ்கேல் கிடையாது. மெழுகின் மேல் முதலில் காவிரியின் மெல்லிய வண்டல், பிறகு கரடான மண், பிறகு கம்பிக்கட்டு. சுட்டு மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு அச்சில் ஒரு சிலை, மறுதடவை இல்லை.

"புதுசா வர்ற பையனுக்கு முதல்ல என்ன தருவீங்க?" என்று கேட்டேன்.

"மெழுகு. மாசக்கணக்கா மெழுகுதான். மெழுகுல தப்பு பண்ணா உருக்கிட்டுத் திரும்பப் பிடிக்கலாம், காசு போகாது. மண்ணுல தப்பு பண்ணா ஒரு வாரம் போகும். உலோகத்துல பண்ணா எல்லாம் போகும். அதனால அந்த வரிசையிலதான் விடுவோம்."

சும்மா ஒரு பதிலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தை விட்டு எழ முடியவில்லை. எங்கள் பாடங்களை நாங்கள் 'எளியது முதல் கடினமானது வரை' என்று அடுக்குகிறோம். இவர்கள் தப்பின் விலையை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். விலை குறைந்த இடத்தில் நிறையத் தப்பு செய்ய விட்டு, விலை கூடிய இடத்துக்குப் போவதற்குள் கை பழகிவிடுகிறது. எங்கள் பட்டறையில் தப்பு செய்யவே இடம் கொடுப்பதில்லை. பட்டை ஒன்றுதான் இருக்கிறது, கெட்டுப்போனால் மார்க் போய்விடும். அதனால் பையன் பயந்து பயந்து தேய்க்கிறான், இல்லாவிட்டால் பக்கத்துப் பையனின் ஜாப்பைக் காட்டுகிறான்.

சரி, இதை வைத்துக்கொண்டு பழைய முறையே மேல் என்று சொல்ல வரவில்லை. இந்தப் பட்டறைகளில் யார் பிள்ளை நுழைய முடிந்தது, யார் பிள்ளை வாசலோடு நின்றது என்ற கதையும் காவிரிக்கரைக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு தேறிய எந்த வீட்டுப் பிள்ளையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முன்னால் வந்து நிற்கலாம் என்று ஆக்கியது ஐ.டி.ஐ. அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெழுகு கொடுக்கும் அந்த வரிசையைத்தான் உள்ளே கொண்டுவர ஆசைப்படுகிறேன்.

சாயங்காலம் கும்பகோணத்தில் டிகிரி காபி. கால் வலி.

மூன்றாம் நாள், புதன்: மன்னார்குடி

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள் இதுதான்.

தொழிற்கல்விக்குப் பாடம் எழுதுகிறவர்கள் நடுவில் 'டேக்கம்' என்று ஒரு முறை உண்டு. 1960-களில் கனடாவில் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாகப் பரவியது. அதன் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவர்தான் அந்த வேலை என்ன என்று சொல்லத் தகுந்தவர். ஆகவே வாத்தியாரை உட்கார வைக்காமல் தொழிலாளிகளை உட்கார வைத்து, அவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். முறையாகச் செய்தால் இரண்டு, மூன்று நாள் ஆகும். எனக்குக் கிடைத்தது ஒரு மத்தியானம்.

அறுவடை உச்சத்தில் இருப்பதால் மெக்கானிக்குகளைப் பிடிப்பதே பெரும்பாடு. ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் அறுவடை வண்டிக்காரர், சேலம் ஆத்தூரிலிருந்து, சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் வண்டியோடு வந்து வயல் வயலாகப் போகிறவர். டிராக்டர் மெக்கானிக் ஒருவர், மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர், அரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர் ஒருவர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். வடை, டீ, ஒரு கட்டு அட்டை. கேள்வி ஒன்றுதான்: "இந்த வாரம் என்னென்ன வேலை செஞ்சீங்க?"

முதல் கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. "அதெல்லாம் சாதாரண வேலை சார், இதுல எழுத என்ன இருக்கு" என்றார் காயில்காரர். அப்புறம் அறுவடை வண்டிக்காரர் தொடங்கினார். ராத்திரி பதினோரு மணிக்குச் சேற்றில் செயின் கழன்றது, ஜாக்கி வைக்கப் பலகை தேடியது, கத்தி மாற்றியது, ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து மன்னார்குடி வரை பைக்கில் வந்து வாங்கிப் போனது. அதன்பின் நிற்கவில்லை. முப்பது சொச்சம் அட்டைகள் சேர்ந்தன.

ராத்திரி விடுதியில் அவற்றைப் பாடத்திட்டத்தோடு ஒட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி வேலைகள் பாடத்தில் இருக்கின்றன! ஃபிட்டர் இரண்டாம் வருஷத்தில் பேரிங், பெல்ட், கியர், ஹைட்ராலிக்ஸ் எல்லாம் வருகின்றன. எலெக்ட்ரீஷியனுக்கு மோட்டார் காயில் கட்டுவது வருகிறது. பாடத்துக்கும் ஊர் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று வெளியே பேசுவது சரியில்லை. தலைப்பு இருக்கிறது.

இல்லாதது வேறு. ஆலை மெயின்டனன்ஸ்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேப்பேன். கரகரன்னா ஒண்ணு, கீச்சுன்னா ஒண்ணு. எது போயிருக்குன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. மாட்டுறது யாரு வேணா மாட்டலாம்." எங்கள் பாடமும் தேர்வும் பையனிடம் எப்போதும் 'செய்' என்றே கேட்கின்றன. வரைபடம் கொடுத்து, அளவு கொடுத்து, இதைச் செய். 'எது கெட்டிருக்கிறது, கண்டுபிடி' என்று கேட்பது மிகக் குறைவு. இந்த ஐந்து பேருக்கும் வரைபடத்தோடு யாரும் வேலை கொண்டுவருவதில்லை. ஓடாத இயந்திரத்தையும் பக்கத்தில் நிற்கும் கவலை பிடித்த விவசாயியையும்தான் கொண்டுவருகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். வண்டி நின்று, அதற்குள் மழை வந்தால் போயிற்று. அந்த அவசரத்துக்குள் நின்றுதான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினேழு வருஷத்தில் ஒருநாள்கூட நான் ஒரு இயந்திரத்தை வேண்டுமென்றே கெடுத்து வைத்து, 'என்னவென்று சொல்' என்று பையன்களைக் கேட்டதில்லை. ஆண் துண்டு பெண் துண்டுக்குள் பொருந்தும் ஃபிட்டிங்கை வெளிச்சம் புகாமல் தேய்த்துக் கொடுத்து முதல் மார்க் வாங்கிய ஒரு பையன், வேலைக்குப் போய் ஒரு பம்பைப் பிரிக்கத் தெரியாமல் நின்றதாக வந்து சொல்லி அழுதிருக்கிறான். அன்று அவனைத் தேற்றி அனுப்பினேன். எங்கே விட்டோம் என்பது இன்று சாயங்காலம்தான் சரியாகத் தெரிந்தது.

இன்னொரு அட்டை: 'கூலி சொல்வது.' காயில்காரர் எழுதச் சொன்னது. வேலைக்கு முன்னாலேயே எவ்வளவு ஆகும் என்று சொல்வது, கடன் கேட்டால் எப்படி மறுப்பது, சரிப்படாத வேலையை எப்படித் திருப்பி அனுப்புவது. வேலைவாய்ப்புத் திறன் வகுப்பில் தொழில் முனைவு என்று ஒரு பகுதி இருக்கிறது. இதுவரை நான் போய் உட்கார்ந்த வகுப்புகளில் இந்தப் பேச்சு வந்ததில்லை.

நான்காம் நாள், வியாழன்: திருவாரூர் பக்கம்

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எலெக்ட்ரீஷியன் இரண்டாம் வருஷம், நாலு பெண்கள். நான்கு பேரும் கெட்டி. ஸ்டார்ட்டர் இணைப்பைப் படம் பார்க்காமல் போட்டார்கள்.

150 மணி நேர வெளிப்பயிற்சிக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண் மட்டும் பேசினாள். "பசங்க எல்லாரும் மோட்டார் கடைக்குப் போனாங்க சார். எங்களை அனுப்ப முடியாதுன்னு சொல்லி இங்கயே புராஜெக்ட் பண்ணச் சொல்லிட்டாங்க."

பக்கத்தில் தொழிற்கூடம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாகக் குழுவாக ஒரு புராஜெக்ட் செய்யலாம் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலையே இல்லாத ஊர்களுக்காக வைத்த வழி அது. இங்கே கடை இருக்கிறது. நடந்து போகிற தூரம். பெண்கள் என்பதற்காகக் கடை 'கிடைக்காமல்' போய்விட்டது. நால்வரும் சேர்ந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை செய்து மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். சுத்தமான வேலை. ஆனால் முதல் வருஷத்திலேயே செய்யக் கற்ற வேலை.

பதிவேட்டில் பையன்களுக்கும் இவர்களுக்கும் ஒரே '150'. சான்றிதழும் ஒன்றாகவே வரும். அந்த எண்ணை மட்டும் பார்த்து மதிப்பிடுகிற யாருக்கும் இது தெரியவே போவதில்லை. கோபம் வந்தது. நிர்வாகத்தில் இருந்தவரிடம் பேசினேன், சத்தமாகவே பேசினேன். "கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க சார், பெத்தவங்களும் கேப்பாங்க" என்றார். கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்கவில்லை.

நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "என் வீட்டம்மா மத்தியானம் கடைக்கு வரும், அதுதான் காயில் சுத்தும். அந்த நேரத்துக்கு வரட்டும், ரெண்டு ரெண்டு பேரா" என்றார். காயில் சுற்றுவதே ஒரு பெண்தான்.

ஐந்தாம் நாள், வெள்ளி: நாகப்பட்டினம்

வழியில் ஒரு நிலையத்தில் புதுக் கட்டடம் பார்த்தேன். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் அமைத்த நான்காம் தொழிற்புரட்சி மையங்களில் ஒன்று. ரோபோ கை, சி.என்.சி. இயந்திரம் எல்லாம் பளபளவென்று. ஒரு பையன் ரோபோவை அசைத்துக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது. நெல் வயலுக்கு நடுவில் ரோபோ எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போக நினைக்கிற பையனுக்கு அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். ஊரிலேயே இருக்க நினைக்கிறவனுக்கும் அதே அளவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நாகையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் யார்டு. யார்டுக்காரர் என்னைவிட மூத்தவர்.

"உங்களுக்கு எப்ப அண்ணே ஆள் பத்தாம போகும்?"

"மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும். வருஷம் பூரா கடல்ல கெடக்குற போட்டு எல்லாம் கரைக்கு வரும். எஞ்சின எறக்கணும், ஷாஃப்ட் பாக்கணும், புரொப்பெல்லர் பாக்கணும், வெல்டிங் வேற. அறுபத்தோரு நாளுக்குள்ள முடிக்கணும். அப்பதான் பசங்க வேணும். உங்க பசங்க வர்றது வேற மாசத்துல, அப்ப இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம்."

அப்படியே நோட்டை எடுத்துப் படகின் மேல் வைத்து எழுதினேன். எங்கள் வருஷம் ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. டெல்டாவின் வருஷம் வேறு. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை, அறுவடை வண்டியும் டிராக்டரும் ஆலையும் திணறும் நேரம். ஏப்ரல் 15 முதல் படகு. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் காயில் கடைக்கு வந்துவிடும். 150 மணி நேரம் என்பது ஒரு நாளைக்கு எட்டு மணி வைத்தால் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளை எந்த மாதத்தில் வைப்பது என்று கொல்கத்தாவிலிருந்து யாரும் கையைப் பிடிக்கவில்லை. அது நம் கையில் இருக்கிறது. ஆனாலும் சும்மா இருக்கும் மாதத்தில் அனுப்பிவிட்டு, 'கடையில் ஒன்றும் கற்றுத் தரவில்லை' என்கிறோம்.

சிக்கலும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தடைக்காலம் முடிந்ததும் தேர்வு நெருங்கிவிடும். பயிற்றுநர்கள் பயப்படுவது நியாயம். இப்போது எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். அதில் வேறொரு கஷ்டம். இன்று ஒரு பையன் மாதிரி வினாவில் 'தாங்கி' என்ற சொல்லைப் பார்த்து முழித்தான். "டேய், பேரிங்டா" என்றேன். "அது தெரியுமே சார்!" என்றான். நல்ல தமிழ்ச் சொல்தான், எனக்கும் பிடித்த சொல். ஆனால் பட்டறையில் யாரும் சொல்லாத சொல்லைத் தேர்வில் முதல்முறையாகப் பார்த்தால் அவன் தோற்பது தொழிலில் அல்ல. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும்.

ஆறாம் நாள், சனி: மறுபடி தஞ்சாவூர்

காலையில் முதல் நாள் போன நிலையத்துக்கே வந்தேன். போன வருஷம் முடித்தவர்களின் பட்டியலை வாங்கி, பதினைந்து எண்களுக்குப் போன் போட்டேன். பாதிக்கு மேல் எண் மாறிவிட்டது. ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவன் ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறான். இன்னொருவன் திருப்பூரில், தொழிலே வேறு. ஒருவன் மாமாவின் வெல்டிங் பட்டறையில் இருக்கிறான், "இங்க வந்துதான் சார் ஒழுங்கா கத்துக்கிட்டேன்" என்றான். ஒருவன் மட்டும் பாடத்தில் படித்த எதையெல்லாம் தினமும் செய்கிறேன் என்று வரிசையாகச் சொன்னான். நான் கேட்ட கேள்வி ஒன்றே: "படிச்சதுல எது கைக்கு வந்துச்சு, எது வரவே இல்ல?" இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் தங்களிடம் கேட்டதில்லை என்று ஆறு பேருமே சொன்னார்கள்.

தேர்ச்சி விழுக்காடு ஒவ்வொரு நிலையத்திலும் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில், வெளியே போய் ஆறு மாதம் ஆனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுத ஒரு போனும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

மன்னார்குடி அட்டைகளைப் பயிற்றுநரிடம் கொடுத்தேன். அவர் அவற்றைக் கருவி அலமாரிக் கதவில் ஒவ்வொன்றாக ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, ஓடாத அந்த நான்காவது லேத்தைத் திரும்பிப் பார்த்தார். "சார், பெல்ட் வந்தாலும் இதை உடனே சரி பண்ணாம விட்டா என்ன? என்ன கோளாறுன்னு முதல்ல பசங்க கண்டுபிடிக்கட்டும்." மெழுகு கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஏற்கெனவே கெட்டுப்போன இயந்திரத்தில் தப்பு செய்தால் காசு போகாது.

ஏப்ரல் 15-க்கு முன்னால் மறுபடி நாகை போக வேண்டும். யார்டுக்காரர் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றார். மூன்றாவது ஆள் வந்தால் சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்.